கரிசல் மண்ணும் கழுகுமலைக் கல்லும்: வகுப்பறையில் ஓர் அறப்பாடம்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

உயிர்களை வகைப்படுத்தத் தொடங்கும் ஜைன நூல்கள் மனிதனிடமிருந்து தொடங்குவதில்லை, விலங்கிடமிருந்தும் தொடங்குவதில்லை. அவை மண்ணிலிருந்து தொடங்குகின்றன. உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் நிலையுயிர்களை எண்ணும்போது முதலில் வைப்பது பிருதிவி. அதன் பின்னரே நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவை வருகின்றன. வட்டகேரர் இயற்றிய மூலாசாரம் மண்ணுடலை 36 வகையாக விரிக்கிறது. மண், மணல், சரளை, கல், பாறை, உப்பு, இரும்பு, செம்பு, ஈயம், வெள்ளி, பொன், வயிரம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. துறவியர் எதன்மேல் அடியெடுத்து வைக்கிறார்கள், எதனைத் துன்புறுத்தாது நடக்க வேண்டும் என்று உணர்த்துவதற்காக எழுந்த பட்டியல் அது. ஆயினும் இன்றைய பள்ளிப்பிள்ளை ஒருவன் அதனைப் பார்த்தால், பாறைகளும் கனிமங்களும் பற்றிய தன் பாடநூலின் பொருளடக்கம் என்றே எண்ணுவான்.

கல்லையும் மண்ணையும் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்னும் பொருள் ஒரு சமய விழாவில் பேசுவதற்கு உரியதா என்ற ஐயம் எழலாம். அந்த ஐயத்துக்கு விடை அந்தப் பட்டியலிலேயே உள்ளது. மண்ணைப் பற்றிய அறிவும் மண்ணிடம் காட்டும் அடக்கமும் முன்னோர்க்கு ஒரே பாடமாக இருந்தன. இன்று முதலாவது பள்ளிக்கூடத்துக்கும், இரண்டாவது ஜினாலயத்துக்கும் என்று பிரிந்து போயின. பிரிந்தவற்றை ஒரே பிள்ளையின் கையில் மீண்டும் சேர்க்க இயலுமா என்பதே இவ்வுரையின் வினா. அதற்கு இடமாகத் தமிழ்ச் சமணர் இன்று மிகுதியாக வாழும் வந்தவாசி, செஞ்சி, காஞ்சிப் பகுதிகளைக் கொள்ளாமல், தெற்கே கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காடு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதற்குரிய காரணம் உரையின் போக்கில் விளங்கும்.

பாடநூல் சொல்வதும் காலடியில் கிடப்பதும்

தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே பசுவந்தனை என்னும் ஊர் உள்ளது. கயிலாசநாதர் கோயிலால் பெயர்பெற்ற அவ்வூரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தொலைவும் கரிசல் நிலமே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும், கம்பும், சோளமும், உளுந்தும், பாசிப்பயறும் விளையும் மானாவாரிப் பூமி அது. கோடையில் வெடித்துப் பிளந்து கிடக்கும் நிலம், மழையில் நடப்பவர் காலைப் பற்றிக்கொள்ளும். அந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்குக் கரிசலைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை என்றே தோன்றும்.

ஆனால் வகுப்பறையில் நிகழ்வது வேறு. இந்தியாவின் கரிசல் மண், தக்காணப் பீடபூமியில் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட்டுப் பாறை சிதைவதால் தோன்றியது என்று பாடம் சொல்கிறது. பிள்ளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறான். மகாராட்டிரத்துக்கு அது முற்றிலும் உண்மை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவியது. பசுவந்தனையில் எரிமலைக் குழம்பு பாயவில்லை. அங்கே பசால்ட்டும் இல்லை. தென்தமிழகத்தின் அடித்தளம் 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட படிகப்பாறை. நீஸ் எனப்படும் பட்டைப்பாறையும் அதன் இனமான கருங்கற்களுமே அவ்வட்டாரக் கரிசலுக்குத் தாய்ப்பாறை. இரும்பும், சுண்ணாம்புச் சத்தும், மக்னீசியமும் செறிந்த அப்பாறை, மழை குறைந்த நிலத்தில் மெல்லச் சிதைந்தபோது, கரைந்த சத்துகள் கடலுக்கு அடித்துச் செல்லப்படாமல் தாழ்ந்த நிலத்திலேயே தங்கின. அவற்றிலிருந்து நீரை உறிஞ்சி வீங்கும் இயல்புடைய களிமண் உருவாயிற்று. மேட்டில், நீர் வடிந்தோடும் இடத்தில், அதே தாய்ப்பாறை செவல் மண்ணாயிற்று. ஒரே தாயின் இரு பிள்ளைகள் போல் கரிசலும் செவலும் அருகருகே கிடக்கின்றன.

இந்த ஒரு செய்தியைச் சொல்லும் ஆசிரியர், பிள்ளைக்கு இரண்டு பயன்களைத் தருகிறார். முதலாவது, தன் ஊர் மண்ணைப் பற்றிய உண்மை. இரண்டாவது, அச்சிட்ட சொல்லைக் காலடி நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம். இரண்டாவது பயன், முதலாவதைவிட நெடுங்காலம் உடன் வரும்.

சொற்களிலிருந்து தொடங்குதல்

பசுவந்தனையின் பிள்ளைகள் வகுப்புக்கு வெறுங்கையோடு வருவதில்லை. கரிசல், செவல், வண்டல், பொட்டல், தேரி, உவர் என்று நிலத்தைப் பிரித்துச் சொல்லும் சொற்கள் வீட்டிலேயே அவர்களுக்குக் கிடைத்துவிடுகின்றன. நிலத்தைத் தோண்டினால் வெள்ளை வெள்ளையாக அகப்படும் சுண்ணாம்புக் கட்டியைச் சுக்கான்கல் என்பார்கள். இருட்டில் ஒன்றோடொன்று உரசினால் பொறி தெறிக்கும் வெண்கல்லை வெங்கச்சங்கல் என்பார்கள். ஏடு ஏடாக உரிந்து மின்னுவது காக்காய்ப்பொன். அறிவியல் நூல் இவற்றைக் கால்சைட்டு, குவார்ட்சு, மைக்கா என்று அழைக்கிறது. முதலில் வீட்டுச் சொல்லைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதி, அதன் பின் நூற்சொல்லை அருகில் எழுதும் ஆசிரியர், பிள்ளையின் பாட்டியையும் வகுப்பறைக்குள் ஆசிரியையாக அழைத்து வந்தவராகிறார். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். அவருடைய ஊரின் பெயருக்குள்ளேயே செவல் இருக்கிறது. கரிசல்குளம் என்னும் பெயருடைய ஊர்களும் உண்டு. ஊர்ப்பெயர்களைப் பட்டியலிட்டு, எதனுள் மண் இருக்கிறது, எதனுள் கல் இருக்கிறது என்று தேடுவதே ஒரு நாள் பாடமாகும்.

அடுக்களையும் ஆய்வுக்கூடமே. கற்களின் கடினத்தை ஒப்பிடும் அளவுகோலை 1812ஆம் ஆண்டில் பிரீட்ரிக் மோஸ் என்னும் அறிஞர் வகுத்தார். ஒரு கல் மற்றொன்றைக் கீறுமானால் கீறுவதே கடியது என்பதுதான் அதன் அடிப்படை. அதில் மிக மெல்லிய முதற்படி மாக்கல்லின் கனிமமாகிய டால்க்கு. கால்சைட்டு மூன்றாம் படி. குவார்ட்சு ஏழாம் படி. வயிரம் பத்தாம் படி. மனித நகம் இரண்டரை அளவில் நிற்கிறது. எனவே குழம்பு வைக்கும் மாக்கல் சட்டியை நகம் கீறும். அம்மியை நகம் கீறாது. ஒன்று கடையப்பட்டுச் சட்டியாவதற்கும், மற்றொன்று அரைப்பதற்கு உதவுவதற்கும் காரணம் இதுவே. இதனைப் பிள்ளை தன் வீட்டிலேயே கண்டறிந்து வரலாம்.

மண்ணுக்குரிய சோதனைகளும் செலவற்றவை. ஒரு கண்ணாடிப் புட்டியில் கைப்பிடி மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். ஈரமண்ணை விரல்களுக்கிடையே அழுத்தி நீட்டினால் கரிசல் நாடாவாக நீளும். செவல் விரைவில் முறியும். சுக்கான்கல்லின்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டால் நுரைக்கும். வெங்கச்சங்கல்லின்மேல் ஒன்றும் நிகழாது. அடியில் துளையிட்ட இரண்டு தகரக் குவளைகளில் செவலும் கரிசலும் நிரப்பி நீர் ஊற்றினால், செவலில் நீர் விரைந்து வடியும். காய்ந்த கரிசலில் வெடிப்புகளின் வழியே நீர் முதலில் வேகமாக இறங்கும். பிறகு மண் வீங்கித் தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும். பள்ளி வளாகத்து மூலையில் தைமாதம் முதல் ஆவணிவரை ஒரே வெடிப்பின் அகலத்தை மாதந்தோறும் அளவுகோலால் அளந்து எழுதி வைத்தால், ஆண்டிறுதியில் அந்த நிலத்தின் மூச்சு ஒரு வரைபடமாகக் கண்ணெதிரே நிற்கும். கோடையில் மேல்மண் வெடிப்புக்குள் சரிந்து, மழையில் அடிமண் வீங்கி மேலே வருவதால் இவ்வகை மண் தன்னைத் தானே உழுதுகொள்கிறது எனலாம். புரட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வெர்டிசால் என்று மண்ணியலார் இதற்குப் பெயரிட்டதும் இதனாலேயே.

கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டிலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. நூறாண்டுகளுக்கு மேலாக மானாவாரிப் பயிரையும் கரிசலையும் ஆராயும் இடம் இவ்வளவு அருகில் இருப்பது, பசுவந்தனை வட்டாரப் பள்ளிகளுக்குக் கிடைத்த நற்பேறு.

பிள்ளை மண்ணைத் தோண்டலாமா?

இவ்விடத்தில் தமிழ்ச் சமணக் குடும்பத்துத் தாய் ஒருவர் கேட்கக்கூடிய வினா ஒன்று உண்டு. மண்ணே உயிரின் உடல் என்று பாடசாலையில் கேட்டு வளரும் பிள்ளை, பள்ளியில் மண்ணைத் தோண்டுவதும் கல்லை உடைப்பதும் தகுமா? வினா சிறிதாகத் தோன்றினும் புறக்கணிக்கத் தக்கதன்று. விடையில்லாமல் விடப்பட்டால், பிள்ளை இரண்டில் ஒன்றை ஏளனம் செய்யக் கற்றுக்கொள்வான்.

விடை ஆசாரியர்களிடமே உள்ளது. பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் பிருதிவியை நான்காகப் பிரித்துக் காட்டுகிறார். பொதுவாக மண் எனப்படுவது பிருதிவி. உயிர் நீங்கிக் கிடக்கும் மண்ணுடல் பிருதிவி காயம். உயிர் தங்கியுள்ள மண்ணுடல் பிருதிவி காயிகம். மண்ணுடலை எடுக்கச் செல்லும் உயிர் பிருதிவி ஜீவன். இறந்த மனிதனின் உடலைப் போல, உயிர் நீங்கிய மண்ணுடலும் உண்டு என்பது இதனால் பெறப்படும். எனவே ஏற்கெனவே உழுது புரண்ட நிலத்தின் மண், வண்டிகளும் கால்களும் மிதித்துப் பொடியான மண், பாதைக்கென்று முன்பே உடைத்துக் கொட்டிய ஜல்லி ஆகியவையே வகுப்பறைக்கு உரியவை. புதிதாகப் பாறையை உடைக்கவும், உறைந்த நிலத்தைத் தோண்டவும் எந்தப் பாடத்துக்கும் தேவையில்லை.

இல்லறத்தார்க்குரிய மற்றொரு நெறியும் துணை வருகிறது. சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டகமும், அதன்வழித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும், அனர்த்த தண்ட விரதத்தை விளக்குகின்றன. பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், செடி கொடிகளை வெட்டுதல் ஆகிய கவனமற்ற செயல்களைத் தவிர்ப்பது அவ்விரதத்தின் ஒரு கூறு. இல்லறத்தான் மண்ணைத் தொடவே கூடாது என்று நெறி சொல்லவில்லை. உழவும் கட்டடமும் அவனுக்கு உண்டு. வீணே செய்யாதே என்றே அது சொல்கிறது. கற்றல் பயனுள்ள செயல். ஆனால் ஒரு கைப்பிடி போதுமான இடத்தில் ஒரு கூடை அள்ளுவது வீண். ஐவர் சேர்ந்து பார்க்கக்கூடிய கல்லை ஆளுக்கொன்றாகப் பொறுக்குவது வீண்.

இதிலிருந்து வகுப்பறைக்குச் சில ஒழுங்குகள் எளிதில் கிடைக்கின்றன. மண்ணை எடுக்குமுன் அதில் எறும்பு, மண்புழு, பூச்சி உண்டா என்று குனிந்து பார்த்தல். ஒரு குழுவுக்கு ஒரு பிடி மட்டும் எடுத்தல். சோதனை முடிந்தபின், எடுத்த இடத்திலேயே மண்ணைத் திரும்ப இடுதல். கரிசல் வெடிப்பினுள் தேளும், தவளையும், பாம்பும் ஒதுங்கியிருக்கும். ஆதலால் குச்சியைச் செருகாமல் மேலிருந்தே அகலத்தை அளத்தல். கல்லைப் பெட்டியில் சேர்த்துக் குவிக்காமல், பார்த்து, வரைந்து, எடை எழுதிக்கொண்டு விட்டுவருதல். இவ்வொழுங்குகளை எச்சமயப் பிள்ளையும் மேற்கொள்ளலாம். பாதுகாப்பு விதி என்று ஓர் ஆசிரியர் இவற்றைச் சொல்வார். அகிம்சை என்று மற்றோர் ஆசிரியர் சொல்வார். கைகள் செய்வது ஒன்றே.

கலக்கக் கூடாத இரண்டு

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. வளமான மண் ஒரு கரண்டியில் உலக மக்கள்தொகையைவிட மிகுதியான நுண்ணுயிர்கள் உள்ளன என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் எடுத்துச் சொல்கிறது. இதைக் கேட்டவுடன், மண்ணுக்கு உயிர் உண்டென்று ஆசாரியர்கள் சொன்னதை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்று மேடைகளில் முழங்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அம்முழக்கம் இரண்டுக்கும் நன்மை செய்யாது. மண்ணில் வாழும் உயிர் வேறு; மண்ணையே உடலாகக் கொண்ட உயிர் வேறு. முன்னது நுண்ணோக்கியில் காணத்தக்கது. பின்னது தொடு உணர்வு ஒன்றே உடைய ஓரறிவுயிராக ஆகமம் கூறுவது. அது நுண்ணோக்கியின் தீர்ப்புக்கு உட்பட்டதன்று. இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னால், நாளை மேல்வகுப்பில் வேறுபாட்டை உணரும் பிள்ளை, சொன்னவரையும் நம்பமாட்டான், ஆகமத்தையும் நம்பமாட்டான். நற்காட்சி, நல்லறிவு, நல்லொழுக்கம் என்று மும்மணிகளைத் தனித்தனியே எண்ணிக் கோத்த மரபு, இவ்வேறுபாட்டைப் பிள்ளைக்குச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு பாடங்களும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. 2 அல்லது 3 சென்டிமீட்டர் மண் உருவாக 1,000 ஆண்டுகள் வரை ஆகலாம் என்று மண்ணியல் சொல்கிறது. அவ்வாறு உருவான மண்ணைக் காரணமின்றிச் சிதைக்காதே என்று விரதம் சொல்கிறது. ஒன்று பொருளின் அருமையைக் கூறுகிறது. மற்றொன்று கையின் அடக்கத்தைக் கூறுகிறது.

கரிசல் கற்பிக்கும் அநேகாந்தம்

கரிசல் நல்ல மண்ணா, கெட்ட மண்ணா என்று பசுவந்தனையில் கேட்டால் கிடைக்கும் விடைகளைக் கொண்டு ஒரு தருக்க நூலே எழுதலாம். பருத்தி விதைப்பவர்க்கு அது நல்ல மண். மழை நின்ற பின்னும் ஈரத்தை ஆழத்தில் காத்து வேருக்கு ஊட்டுகிறது. வீடு கட்டும் கொத்தனாருக்கு அது தொல்லை. வீங்கியும் சுருங்கியும் அடித்தளத்தை அசைத்துச் சுவரில் விரிசல் விடுகிறது. மழைநாளில் வண்டி ஓட்டுபவர்க்கு அது பகை. ஊருணி வெட்டுபவர்க்கு அது நண்பன்; நீரை எளிதில் கீழே விடாது. கறுப்பு நிறத்தைக் கண்டு மக்கு நிறைந்த மண் என்று எண்ணுபவர்க்கு அது ஏமாற்றம். உள்ளபடி அதில் கரிமச்சத்து குறைவே.

ஒரே மண், பல கூற்றுகள், ஒவ்வொன்றும் தன் நோக்கில் உண்மை. மாணவர் ஐவரை ஐந்து தொழிலாளராக நிறுத்தி அவரவர் நோக்கில் கரிசலைப் பற்றிப் பேசச் சொன்னால், சியாத்வாதம் என்னும் சொல்லை உச்சரிக்காமலேயே அதன் பயன் விளங்கிவிடும். குருடர்கள் யானையைத் தடவிப் பார்த்த கதையைக் காட்டிலும் இது பிள்ளைகளுக்கு நெருக்கமானது. யானையை அவர்கள் எப்போதாவது காண்கிறார்கள், கரிசலை நாள்தோறும் மிதிக்கிறார்கள்.

கல்லில் நடந்த பள்ளி

பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டி வந்து, அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் கழுகுமலை. தமிழ்ச் சமணர் அறியாத பெயரன்று அது. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில் செழித்திருந்த அக்குன்றின் பாறைமுகத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பார்சுவநாதரும், பாகுபலியும், அம்பிகை இயக்கியும் அங்கே காட்சி தருகின்றனர். உருவங்களின் கீழே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட ஏறத்தாழ 100 கல்வெட்டுகள் ஓர் அரிய செய்தியைத் தருகின்றன. அவ்விடம் ஒரு பள்ளி. ஆசிரியர்களும், குரத்தியர் எனப்பட்ட பெண்ணாசிரியர்களும், மாணாக்கரும், மாணாக்கியரும் அங்கே பெயரோடு நிற்கிறார்கள். தெற்கே திருச்சாரணத்து மலையைச் சார்ந்த குரத்தியாரும், வடக்கே திருநறுங்கொண்டையைச் சார்ந்த ஆசானின் மாணாக்கரும் அக்கற்களில் இடம்பெற்றுள்ளனர். தச்சர், கொல்லர், குயவர் முதலிய தொழிலாளரும் திருவுருவங்களைச் செய்வித்துள்ளனர். மண்ணையும் கல்லையும் இரும்பையும் கையாண்டு வாழ்ந்தோரின் பெயர்கள், அவர்கள் அறிந்த பொருளிலேயே நிலைத்தன.

அதே குன்றில் வெட்டுவான் கோயில் என்னும் சைவக் கோயிலும் உண்டு. ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டி உருவாக்கப்பட்டு, முடிவுறாமல் நின்றுபோன கோயில் அது. கற்பாடத்துக்கு அதைவிடச் சிறந்த கரும்பலகை இல்லை. முடிந்த பகுதியையும் முடியாத பகுதியையும் அருகருகே காணும் பிள்ளை, சிற்பி எங்கே தொடங்கினான், கல் எவ்வாறு இடம் கொடுத்தது, ஏன் மேலிருந்து வெட்ட வேண்டும் என்று தானே கேட்பான். இதே முறையில் மேலிருந்து வெட்டப்பட்ட பெருங்கோயில் எல்லோராவின் கைலாசநாதர் கோயில். அங்கும் 30 முதல் 34 வரை எண்ணிட்ட குடைவரைகள் ஜைனருடையவை. எல்லோராவின் பாறை பசால்ட்டு. பாடநூல் சொல்லும் எரிமலைக் கரிசல் அதைச் சூழ்ந்துள்ளது. கழுகுமலையோ தென்தமிழகத்தின் படிகப்பாறைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைச் சூழ்ந்துள்ள கரிசல் அக்குடும்பத்தின் பிள்ளை. இரண்டு குன்றுகள், இரண்டு பாறைகள், இரண்டு கரிசல்கள்; இரண்டிலும் ஒரே ஜினர். புவியியலும், வரலாறும், சமயமும் ஒரே படத்தில் அமைவதற்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

குன்றுக்கு அழைத்துச் செல்லப்படும் பிள்ளைக்கு வகுப்பறை ஒழுங்குகள் இருமடங்கு பொருந்தும். கீறிப் பார்க்கும் சோதனை அங்கே அறவே கூடாது. எலுமிச்சைத் துளியும் கூடாது. உருவத்தின்மேல் எண்ணெயோ, மாவோ, சுண்ணாம்போ தடவி எழுத்தைப் படிக்க முயல்வதும் தீங்கு. மாலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகளும் வரிவடிவங்களும் தாமே தெளிவாகும். கண்ணால் கற்றுக் கையை அடக்கும் பாடம் அது.

யார் காப்பார்?

கோவில்பட்டி வட்டாரம் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது என்பதற்கு இனி விடை கூறலாம். தமிழ்ச் சமணர் வாழும் ஊர்களில் ஜினாலயம் உண்டு, பூசை உண்டு, உறவு உண்டு. திருமலையில் 16 அடி உயர நேமிநாதரும், செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரரும், 57 நாள் அனசனம் நோற்று வீடுபெற்ற சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் சமூகத்தின் கண்பார்வையில் இருக்கின்றன. தெற்கே நிலைமை வேறு. மதுரையிலிருந்து குமரிவரை, குன்றுகளில் ஜினர் இருக்கிறார்; ஊரில் சிராவகர் இல்லை. அங்கே அத்திருவுருவங்களின் முதற்காவலர் யார்? ஆடு மேய்க்கச் சென்று பாறை நிழலில் அமரும் பிள்ளையும், விடுமுறையில் குன்றேறி விளையாடும் மாணவனுமே. தன் பெயரைக் கூரிய கல்லால் கீறத் தொடங்கும் கை அவனுடையதாகவும் இருக்கலாம். அக்கையைப் பிடித்துத் தடுக்கும் கையும் அவனுடையதாக இருக்கலாம். எது நிகழும் என்பதைப் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பில் அவன் கேட்ட கற்பாடமே தீர்மானிக்கிறது.

இது வெறும் கற்பனைக் கவலையன்று. மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், சமணர் படுக்கையும், தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும் உள்ளன. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அவ்வட்டாரத்தை உள்ளடக்கிய நிலப்பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்ட செய்தி வெளிவந்தது. ஊர்மக்கள் எதிர்த்து நின்றனர்; டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது; 2025 சனவரியில் அந்த ஏலம் கைவிடப்பட்டது. எதிர்த்து நின்ற ஊர்மக்கள் சமணரல்லர். தம் நிலத்தையும், சுனையையும், கண்மாயையும், குன்றையும் ஒன்றாகக் கண்டவர்கள். ஜினர் உருவம் அந்த ஒன்றினுள் அடங்கியிருந்ததால் அதுவும் காக்கப்பட்டது.

இதிலுள்ள பாடம் தெளிவானது. கல்லைச் சமயச் சின்னமாக மட்டும் அறிந்தவன், அச்சமயத்தைச் சாராதபோது அதைப் பொருட்படுத்தமாட்டான். கல்லை விலைப்பொருளாக மட்டும் அறிந்தவன், விலை வந்தவுடன் கொடுத்துவிடுவான். தன் வயலின் மண் அந்தக் குன்றின் இனத்துப் பாறையிலிருந்து பிறந்தது என்று அறிந்தவன், குன்றை உறவாகக் காண்பான். கரிசலின் பிறப்பைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கும் பசுவந்தனை ஆசிரியர், தாம் அறியாமலேயே கழுகுமலைக்கு ஒரு வேலி இடுகிறார்.

குடும்பங்களும் அறக்கட்டளைகளும் செய்யத்தக்கவை

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. தெற்கேயுள்ள சமணத் தலங்களுக்குக் குடும்பங்களோடு யாத்திரை செல்லும்போது, பேருந்தில் பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கி, வழியில் நிறம் மாறும் மண்ணைக் கவனிக்கச் சொல்லலாம். செம்மண் எங்கே முடிந்தது, கரிசல் எங்கே தொடங்கியது என்று அவர்கள் குறித்துக்கொள்ளட்டும். குன்றின் அடிவாரத்து ஊரில் உள்ள பள்ளிக்குக் கல்வெட்டுகளின் எளிய தமிழ் விளக்கத்தையும், ஒரு கைக்கண்ணாடியையும், ஒரு காந்தத்தையும், சில புட்டிகளையும் அன்பளிப்பாக வழங்கலாம். தலத்தைத் தரிசித்துத் திரும்பிவிடாமல், அவ்வூர்ப் பிள்ளைகளைக் குன்றின் விளக்குநராக அழைத்து அவர்கள் சொல்வதைக் கேட்கலாம். கேட்கப்படும் பிள்ளை காப்பவனாகிறான். ஆண்டுதோறும் டிசம்பர் 5ஆம் நாள் உலக மண் நாளாகக் கொண்டாடப்படுகிறது. வந்தவாசிப் பிள்ளையும் பசுவந்தனைப் பிள்ளையும் அந்நாளில் தத்தம் ஊர் மண்ணைப் பற்றி ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினால், திருநறுங்கொண்டை மாணாக்கர் கழுகுமலைக்கு நடந்த பாதை மீண்டும் திறந்ததாகும்.

வீட்டில் தாய்மார் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. பிள்ளை கையில் மண்ணோடு வரும்போது, கழுவு என்று சொல்வதற்கு முன், எங்கே எடுத்தாய், எவ்வளவு எடுத்தாய், அதில் என்ன கண்டாய், எங்கே திரும்ப வைப்பாய் என்று நான்கு வினாக்கள் கேட்கலாம். முதல் மூன்றும் அறிவியல். நான்காவது விரதம்.

மண்ணிடம் அடங்கி நடக்கக் கற்ற பிள்ளை, அதைவிடப் பெரிய உயிர்களிடம் அடங்கி நடக்கத் தனியே கற்க வேண்டியதில்லை. உயிர்ப்பட்டியலின் முதல் வரியில் ஆசாரியர்கள் மண்ணை வைத்ததற்கு இதனினும் பொருத்தமான பயன் இல்லை.

ஜினதருமம் வளர்க. எவ்வுயிரும் இன்புற்று வாழ்க.